இருக்குமிடம் சொல்லும் வானொலி
அமெச்சூர் வானொலியாளர் கண்ட ஒரு முறையின் வரலாறு

ஒருவன் இடருற்ற வேளையிலே, அவன் எங்கே இருக்கின்றான் என்பதை அவனுக்கு உதவ விரும்புவோர் அறியாதிருத்தலினும் பெருந் துன்பம் வேறில்லை. கரையோரத்து ஊர்களிலே வாழ்வோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கடலுக்குச் சென்ற வள்ளம் குறித்த நேரத்தில் திரும்பாவிடின், கரையில் நிற்போர் கேட்கும் முதற் கேள்வி “எங்கே?” என்பதே. தேடப் போவதற்கு ஆட்கள் இருப்பர், எரிபொருளும் இருக்கும், எத்திசையிற் போவது என்பது மட்டுந் தெரியாது.

இந்த “எங்கே?” என்னும் கேள்விக்கு, கேட்கப்படுமுன்னரே விடை சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு வானொலி முறையை அமெச்சூர் வானொலியாளர் ஆக்கி வைத்துள்ளனர். ஊதியம் கருதாது, தம் ஆர்வத்தினாலே, அரசாங்கத்தின் உத்தரவுச் சீட்டுப் பெற்று வானொலி நிலையம் நடத்துவோரையே அமெச்சூர் வானொலியாளர் என்கின்றோம். வணிகம் செய்தல் அவர்க்கு விதியால் விலக்கப்பட்டது. அத்தகையோர் தம் கைப்பொருளைச் செலவிட்டு ஆக்கிய இம்முறை எவ்வாறு தோன்றிற்று, எவ்வாறு வளர்ந்தது, அதனால் நாம் அறியவேண்டுவது யாது என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

கடல் தந்த பாடம்

வானொலி மூலம் இருக்குமிடத்தை அறிவித்தல் புதியதொன்றன்று. 1912ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே தைற்றானிக் என்னும் பெருங்கப்பல் பனிப்பாறையில் மோதியபோது, அதன் கம்பியில்லாத் தந்தியாளர் கப்பலின் இருப்பிடத்தை வடக்கு 41 பாகை 46 கலை, மேற்கு 50 பாகை 14 கலை என்று அனுப்பினர். 1985ஆம் ஆண்டிற் கடலடியிலே கப்பலின் சிதைவைக் கண்டபொழுது, அஃது அனுப்பப்பட்ட இடத்திலிருந்து ஏறக்குறைய 13 கடல் மைல் விலகிக் கிடந்தமை வெளியாயிற்று. கப்பல் சென்ற வேகம், திசை, நேரம் ஆகியவற்றைக்கொண்டு கணித்த இடம் அது; கணிப்பிற் பிழை நேர்ந்தது. உதவிக்கு விரைந்த கார்ப்பேதியா என்னும் கப்பல் அப்பிழையான இடத்தை நோக்கியே வந்தது. உயிர்காக்கும் படகுகள் அது வந்த வழியிலேயே மிதந்தமையால் எழுநூற்றுக்கு மேற்பட்டோர் பிழைத்தனர்.

இந்நிகழ்ச்சி இரு பாடங்களைத் தந்தது. ஒன்று, செய்தி எவ்வளவு விரைந்து சென்றாலும் அதனுள் இருக்கும் இடக்குறிப்புப் பிழையாயின் பயன் குறையும் என்பது. மற்றொன்று, கேட்பவர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும் என்பது. தைற்றானிக்கை அண்மியிருந்த கலிபோர்னியன் என்னும் கப்பலின் தந்தியாளர் தம் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றிருந்தார்; ஆதலின் அக்கப்பல் அழைப்பைக் கேட்கவில்லை. எவரும் எப்போதும் கேட்டுக்கொண்டிருத்தலும், இடத்தைப் பிழையின்றிச் சொல்லுதலுமாகிய இவ்விரண்டும் ஒருங்கு கைகூடுதற்குப் பின்னும் எண்பது ஆண்டுகள் சென்றன.

கைமாறிச் சென்ற செய்தி

அதே 1912ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு வானொலிச் சட்டம் நிறைவேறிற்று. அமெச்சூர் நிலையத்தார் 200 மீற்றருக்கு மேற்பட்ட அலைகளைப் பயன்படுத்தலாகாது என்று அச்சட்டம் விதித்தது. குறுகிய அலைகளால் நெடுந்தூரம் செல்ல முடியாது என்பது அக்காலத்தார் துணிபு. பயனற்றது எனக் கருதிய நிலத்தை ஏழைக்குப் பங்கிட்டுக் கொடுப்பது போன்ற செயல் அது. ஆனால் 1921ஆம் ஆண்டு திசெம்பரில் அந்தக் குறுகிய அலைகளிலேயே அமெரிக்க அமெச்சூர்களின் சைகைகள் அத்திலாந்திக் மாகடலைக் கடந்து ஸ்கொத்லாந்திற் கேட்டன. பயனற்ற நிலம் பொன் விளையும் நிலமாயிற்று.

1914இல் ஹைரம் பேர்சி மாக்சிம் என்பார் முன்னின்று அமெரிக்க அமெச்சூர் சங்கமொன்றை நிறுவினார். அதன் பெயரிலேயே “கைமாற்றுதல்” என்னும் பொருள்படும் சொல் இடம்பெற்றுள்ளமை நோக்கத்தக்கது. ஒரு நிலையத்தின் ஒலி ஐம்பது மைலே எட்டுமாயின், அங்குள்ளவர் அதனைக் கேட்டு அடுத்தவர்க்குச் சொல்ல, அவர் அதற்கடுத்தவர்க்குச் சொல்ல, செய்தி நாட்டைக் கடந்து செல்லும். நாம் கூறப்புகுந்த முறைக்கும் இதுவே அடிப்படை. அன்று மனிதர் செய்த கைமாற்றத்தை இன்று கருவி செய்கின்றது, வேறுபாடு அவ்வளவே.

நமது நாடும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. கொழும்பிலே எட்வேட் ஹாப்பர் என்னும் தந்தித் திணைக்கள எந்திரவியலாளர் இலங்கைக் கம்பியில்லாத் தந்திக் கழகத்தை ஆர்வலர் துணையுடன் அமைத்தார். 1925ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் ஒழுங்கான ஒலிபரப்பும் இங்கு தொடங்கிற்று. பிற்காலத்திற் புகழ்பெற்ற இலங்கை வானொலிக்கு இத்தகைய ஆர்வலர் முயற்சியே வித்தாயிற்று.

பொதியாக்கப்பட்ட செய்தி

குரலாற் பேசும் வானொலிக்கு ஒரு குறையுண்டு. ஒரே அலைவரிசையில் இருவர் ஒருங்கு பேசின் இருவர் சொல்லும் விளங்கா. இருபது வாகனங்கள் தத்தம் இடத்தைக் குரலாற் சொல்லப் புகுந்தால், எழுதிக்கொள்பவர் கையும் ஓயும், காதும் ஓயும். எனவே செய்தியைச் சிறு சிறு பொதிகளாகக் கட்டி, ஒவ்வொரு பொதியையும் ஒரு நொடிக்குள் அனுப்பிவிடும் வழியை அறிஞர் நாடினர்.

இதற்கு வழிகாட்டியவர்கள் தீவுகளில் வாழ்ந்தோரே. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கிளைகள் வெவ்வேறு தீவுகளிற் சிதறியிருந்தன. அவற்றைக் கம்பியின்றி ஒரு கணினியோடு இணைத்தற்பொருட்டு நோர்மன் ஏப்ரம்சன் என்னும் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும் அமைத்த “அலோகா” என்னும் வலையம் 1971ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. சொல்லவேண்டியவர் பொதியை அனுப்பிவிடுவர்; மற்றொருவர் பொதியோடு மோதி அழிந்தால் சிறிது பொறுத்து மீண்டும் அனுப்புவர்; இதுவே அதன் விதி. இத்தகைய வரிசையில் மோதல் மிகாமற் பயன்படுத்தத்தக்க நேரம் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கே என்பது கணிதத்தாற் பெறப்பட்ட உண்மை. இவ்வெண் பின்னர் நமக்கு உதவும்.

1978இல் கனடாவின் மொன்றியால் நகரத்து அமெச்சூர்கள் பொதி வானொலியைப் பரீட்சித்தனர். வான்கூவர் நகரத்தார் அதற்கேற்ற கருவியொன்றை ஆக்கினர். 1980களின் தொடக்கத்தில் அரிசோனா மாநிலத்து ரூசோன் நகரில் ஒரு குழுவினர், எவரும் வாங்கித் தாமே பூட்டிக்கொள்ளக்கூடிய கருவித் தொகுதியை வெளியிட்டனர். கணினிக்கும் வானொலிக்கும் நடுவே நின்று, எழுத்தை ஒலியாகவும் ஒலியை எழுத்தாகவும் மாற்றுவது அக்கருவி. 1984இல் பொதிகளின் அமைப்புக்கு ஏ.எக்ஸ். 25 என்னும் பொது விதி வகுக்கப்பட்டது.

அனாபொலிஸ் நகரத்து எந்திரவியலாளர்

பொதி வானொலி பரவிய காலத்தில் அதனைப் பெரும்பாலோர் கடிதம்போலவே பயன்படுத்தினர். ஒரு நிலையம் மற்றொரு நிலையத்தை அழைக்கும், இணைப்பு ஏற்படும், செய்தி செல்லும், கிடைத்தது என்ற மறுமொழி வரும். இஃது ஒழுங்கான முறையே. ஆயின், பலர் ஒருங்கே செயலாற்றும் அவசர வேளைக்கு ஒவ்வாதது. வெள்ளத்தில் ஐந்து படகுகள் மீட்புப் பணி செய்கையில், ஒருவர் நிலையை மற்றெல்லாரும் உடனே அறிதல் வேண்டும். ஒவ்வொருவராக அழைத்துச் சொல்வதற்குள் நிலைமை மாறிவிடும்.

இக்குறையைக் கண்டவர் மேரிலாந்து மாநிலத்து அனாபொலிஸ் நகரிலுள்ள ஐக்கிய நாட்டுக் கடற்படைக் கலாநிலையத்தில் எந்திரவியலாளராகப் பணியாற்றிய பொப் புறூனிங்கா என்பார். அவருடைய அமெச்சூர் அழைப்புக் குறி டபிள்யூ.பி. 4 ஏ.பீ.ஆர். 1982ஆம் ஆண்டில், கடற்படையின் நிலையறிக்கைகளைப் படத்திற் காட்டுதற்கு அப்பிள் 2 கணினியில் அவர் ஒரு நிரல் எழுதினார். 1984இல் நூறு மைல் நீண்ட குதிரை ஓட்டமொன்றிலே, குதிரைகள் எங்கெங்கே எந்நிலையில் உள்ளன என்பதை அறிவிக்க அம்முறையைத் திருத்தியமைத்தார். இம்முறை அவர் கொண்டது கொமடோர் விக் 20 என்னும் மலிவான கணினி. அதன் ஞாபகத்தின் அளவு ஐந்து கிலோபைற்று மாத்திரமே. இன்று நம் சட்டைப்பையிற் கிடக்கும் தொலைபேசியில் ஒரு சிறு படம் கொள்ளும் இடத்தில் நூற்றில் ஒரு பங்குமன்று. பொருட் குறைவு அறிவுக்குத் தடையாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அவர் கண்ட தெளிவு எளியது. இணைப்பு ஏற்படுத்தாதே, மறுமொழியை எதிர்பாராதே, சொல்லவேண்டியதை ஒருமுறை எல்லார்க்கும் பொதுவாகச் சொல்லிவிடு. கேட்டவர் படத்திற் குறித்துக்கொள்வர். கேளாதவர்க்காகச் சற்றுப் பொறுத்து மீண்டும் சொல். புதிய செய்தியாயின் உடனே சொல். பழையதாக ஆக, சொல்லும் இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போ. ஊர்ப் பறையறைவோன் செயலும் இதுவேயன்றோ? அவன் ஒவ்வொரு வீட்டுக் கதவையுந் தட்டி மறுமொழி பெறுவதில்லை. சந்திதோறும் அறைந்து செல்கின்றான்.

இணைப்பில்லா அவசரச் செய்தி முறை என்று முதலிற் பெயர்பெற்ற இது, அமெரிக்காவின் அவசரகால நிருவாகத்தார் நடத்திய ஒத்திகைகளிற் பயன்பட்டு, ஐ.பி.எம். கணினிக்கும் மாற்றப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் தானியங்கி நிலையறிவிப்பு முறை என்னும் பொருளில் ஏ.பீ.ஆர்.எஸ். என்ற பெயர் பெற்றது. பின்னர், இருக்குமிடம் மாத்திரமன்றி வானிலை, சிறு கடிதம், அறிவித்தல் முதலியனவும் அதிற் செல்லுதலின், “நிலை” என்னும் சொல்லை நீக்கிப் “பொதி” என்பதனை அவ்விடத்தில் வைத்தனர்; எழுத்துக்கள் மாறவில்லை.

வானத்து விளக்குகள்

இடத்தைப் பிழையின்றி அறியும் வழி இதற்கிடையிற் பிறந்துகொண்டிருந்தது. 1956ஆம் ஆண்டிலே, அவ்வாண்டில் இலங்கையிற் குடியேறிய ஆதர் சி. கிளாக் எழுதிய கடிதமொன்றில், செய்மதிகளின் துணையால் எவரும் கைக்கடிகாரம் போன்ற சிறு கருவிகொண்டு தம் இருப்பிடத்தை அறியும் காலம் வரும் என்று கருதியுரைத்தார். ஐக்கிய நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் ஜீ.பீ.எஸ். வரிசையின் முதற் செய்மதியை 1978இல் ஏவிற்று. 1983 செப்ரெம்பர் முதலாந் திகதி, வழி தவறிச் சோவியத்து வான்வெளியுட் புகுந்த கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன்பின் இம்முறையைப் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று சனாதிபதி றேகன் அறிவித்தார். 1995இல் முறை முழுமையுற்றது. பொதுமக்களின் கருவிகளில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. நூறு மீற்றர் வரை விலகிக் காட்டிய கருவிகள் அன்றுமுதல் ஒரு வீட்டு வளவின் அளவுக்குத் திருத்தமாகக் காட்டின.

செய்மதிக் கருவி இடத்தை அறிந்தது. பொதி வானொலி அதனைப் பிறர்க்குச் சொல்லிற்று. தைற்றானிக்கின் இரு குறைகளும் ஒருங்கு தீரும் வழி பிறந்தது. 2000ஆம் ஆண்டிலேயே இம்முறையின் விதிகள் நூலாக வெளியாகின. ஆதலால் எவர் செய்த கருவியும் எவர் கருவியோடும் பேசலாயிற்று.

இயங்கும் விதம்

ஓர் அமெச்சூரின் மோட்டார்க் காரில் மூன்று பொருள்கள் இருக்கும்: செய்மதியைக் கேட்கும் கருவி, பொதிகட்டும் கருவி, வானொலி. முதலாவது கருவி பாகை, கலை, கலையின் நூற்றிலொரு பங்கு வரை இடத்தைச் சொல்லும். அகலாங்கின் ஒரு கலை ஒரு கடல் மைலாதலின் அதன் நூற்றிலொரு பங்கு ஏறக்குறைய பதினெட்டரை மீற்றராம். பொதிகட்டும் கருவி அதனோடு அழைப்புக் குறி, காரைக் குறிக்கும் அடையாளம், செல்லும் திசை, வேகம் ஆகியவற்றைச் சேர்த்து, 1200, 2200 ஹேற்ஸ் என்னும் இரு ஒலிகளாக மாற்றும். காதாற் கேட்போர்க்கு அது கரகரவென்ற ஒரு குறும் ஓசையே. வானொலி அதனை அவ்வந்நாட்டிற்குரிய பொது அலைவரிசையில் அனுப்பும். வட அமெரிக்காவில் 144.39 மெகாஹேற்ஸ், ஐரோப்பாவில் 144.80 மெகாஹேற்ஸ் என்பன அவ்வாறு வகுக்கப்பட்டவை.

இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. குன்று மறைத்தால் நின்றுவிடும். ஆதலின் உயர்ந்த இடங்களிலே கைமாற்று நிலையங்களை அமைத்துள்ளனர். அவை ஒரு பொதியைக் கேட்டவுடன் மீண்டும் சொல்லும். எத்தனை முறை கைமாறலாம் என்பது பொதியிலேயே எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் அவ்வெண் ஒன்று குறையும். ஒருமுறை சொன்னதை அதே நிலையம் மீண்டும் சொல்லாது.

ஈண்டுத்தான் அந்தப் பதினெட்டு என்னும் எண் பயன்படுகின்றது. வரிசை எல்லார்க்கும் பொது. ஒருவர் தம் பொதி பத்து மலைகளைக் கடந்து செல்லவேண்டுமென்று விரும்பின், அப்பத்து மலைகளின் அடிவாரத்திலுள்ளோர் அனைவருடைய நேரத்தையும் அவர் எடுத்துக்கொள்கின்றார். எனவே அயலார்க்குத் தேவையான அளவே சொல்லுக என்று புறூனிங்கா ஓயாது வற்புறுத்தினார். இது வாகனம் தேடும் விளையாட்டுக் கருவியன்று, அயலில் இப்போது நிகழ்வதை அயலார் அனைவரும் அறிதற்கான முறை என்பதும் அவர் பலகால் எடுத்துரைத்த கருத்தாம். பொதுக் கிணற்றில் நீரள்ளுவோர் பின்வருவோரை நினைத்தல் போன்ற ஒழுக்கமே வானிலும் வேண்டப்படுகின்றது.

விண்ணும் வலையமும்

1990களின் பிற்பகுதியில் ஸ்ரீவ் டிம்ஸ் என்னும் அமெச்சூர் இப்பொதிகளை இணையத்தோடு சேர்க்கும் வழியை வகுத்தார். வானொலியிற் கேட்டதை இணையத்திற்குக் கொடுக்கும் வாயில் நிலையங்கள் பல நாடுகளிலும் தோன்றின. ஓரூரிற் புறப்பட்ட கரகரப்பு மறுகணமே உலகப்படத்திற் சிறு புள்ளியாகத் தோன்றுகின்றது.

2001 செப்ரெம்பர் 30ஆந் திகதி, அலாஸ்காவின் கோடியாக் தீவிலிருந்து பீ.சி.சற் என்னும் சிறு செய்மதி ஏவப்பட்டது. புறூனிங்காவின் வழிகாட்டலிற் கடற்படைக் கலாநிலையத்து மாணவர் ஆக்கியது அது. அளவுநாடாவின் உலோகப் பட்டையை அதற்கு அலைவாங்கியாக வைத்தனர். கடையிற் கிடைக்கும் பொருள்களைக்கொண்டு மாணவர் செய்த அப்பொருள் பல ஆண்டுகள் விண்ணில் நின்று பொதிகளைக் கைமாற்றிற்று. சர்வதேச விண்வெளி நிலையத்திலும் 145.825 மெகாஹேற்ஸ் வரிசையில் ஒரு கைமாற்று நிலையம் இயங்கி வந்துள்ளது. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்திற் செல்லும் அதன் வழியாக, சிறு வானொலியின் பொதியும் கடல்கடந்து கேட்கும்.

புறூனிங்கா 2022ஆம் ஆண்டு பெப்ருவரியிற் காலமானார். அவர் வகுத்த முறை அவரைக் கடந்து இயங்குகின்றது.

சிந்திக்கத்தக்கவை

இருக்குமிடம் பிறர்க்குத் தெரிதல் எப்போதும் நன்மையா என்று கேட்பார் உளர். தக்க கேள்வியே. அது காப்பாகவும் ஆகலாம், கேடாகவும் ஆகலாம் என்பதை நம் நாட்டார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இன்று பெரும்பாலோர் சட்டைப்பையிலுள்ள தொலைபேசி அவர் செல்லுமிடத்தைக் கம்பனிகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றது. சொல்வது யார்க்கு, சேர்த்து வைப்பது எவ்வளவு காலம் என்பவற்றை உடையவர் அறியார்.

அமெச்சூரின் முறையோ இதற்கு மாறானது. அவர் தம் அழைப்புக் குறியோடு தாமே சொல்கின்றார். அமெச்சூர் வானொலியில் பொருளை மறைத்துக் குறியீட்டிற் பேசுதல் பொதுவாக விலக்கப்பட்டதாகலின், கேட்போர் யாவரும் ஒத்த நிலையினர். ஒருவர் மட்டும் பார்த்து மற்றவர் பார்க்கப்படும் ஏற்றத்தாழ்வு இல்லை. வேண்டாதபோது பொறியை நிறுத்திவிடலாம். இன்னொன்று: இருக்குமிடத்தை நுணுக்கமாகச் சொல்ல விரும்பாதவர் கடைசி இலக்கங்களை வெறுமையாக விட்டு, “இவ்வயலில் இருக்கின்றேன்” என்று மாத்திரம் அறிவிக்கவும் விதியில் இடமுண்டு. தெரிந்த அளவே சொல்லுதலும், சொல்ல விரும்பிய அளவே சொல்லுதலும் அதில் அடங்கின. எனினும், ஒருமுறை வானிற் சொன்னதை மீட்க முடியாது என்பதை இளைஞர் மனங்கொள்ளல் வேண்டும். இணையத்தோடு சேர்ந்தபின் நேற்றைய பயணமும் ஏட்டில் நிற்கின்றது.

வேறொரு குறையும் உண்டு. மறுமொழியில்லா முறையாதலின், நிலையறிக்கை போய்ச் சேர்ந்ததென்று அனுப்பியவர் உறுதிகொள்ளார். மலைமறைவில் கைமாற்று நிலையம் இல்லையாயின் சொன்னது காற்றோடு போம். ஆகவே இதன் பயன் ஒருவர் வாங்கும் கருவியைப் பொறுத்ததன்று. அயலில் எத்தனை பேர் கேட்கின்றனர், குன்றின்மேல் நிலையம் அமைக்க எத்தனை பேர் முன்வந்தனர் என்பதைப் பொறுத்தது. தனியொருவர் வாங்கிக்கொள்ளக்கூடிய பாதுகாப்பன்று இது. கூடிச் செய்துகொள்ளும் பாதுகாப்பு.

நமக்குரியது

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது, தொலைபேசிகள் ஓய்ந்த இடங்களிலிருந்து அமெச்சூர் வானொலியாளர் செய்தி கொடுத்தனர். இலங்கையின் தென்கரையிலும் அந்தமான் தீவிலும் அவர் ஆற்றிய தொண்டு பலரும் அறிந்ததே. மோட்டார்க் காரின் மின்கலமும் ஒரு கம்பி அலைவாங்கியும் அன்று பெரும் நிலையங்களுக்கு ஈடாயின. கம்பனியின் கோபுரம் சாய்ந்தால் அதனை நம்பியவை அனைத்தும் சாயும். ஆள் ஆளாகப் பரந்து நிற்கும் முறை அவ்வாறு ஒருங்கே சாய்வதில்லை.

இலங்கையில் இதற்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உத்தரவுச் சீட்டு வேண்டும். அதற்குப் பரீட்சையும் உண்டு. மின்னியலும் அலையியலும் ஒருங்கு கற்கவேண்டிய பரீட்சை அது. சித்தியடைந்தவர்க்கு நம் நாட்டுக்குரிய 4 எஸ் 7 என்னும் தொடக்கத்தையுடைய அழைப்புக் குறி கிடைக்கும். பழைய வானொலிப் பெட்டியைக் கழற்றிப் பார்க்கும் ஆவலுடைய பிள்ளைகள் நம் ஊர்களிற் குறைவிலர். அவர்க்கு வேண்டியது வழிகாட்டி ஒருவரும், கருவி வைத்துப் பழக ஓர் அறையுமே. சங்கங்களும் பாடசாலைகளும் அவற்றை அளிக்க முடியாதவையல்ல.

ஐந்து கிலோபைற்றுக் கணினியில் தொடங்கிய முறை விண்வரை சென்றதை மேலே கண்டோம். பொருளோ பட்டமோ அதனைச் செலுத்தவில்லை. அயலவன் எங்கே இருக்கின்றான், என்ன நிலையில் இருக்கின்றான் என்று அறியும் கரிசனையே அதனைச் செலுத்திற்று. அக்கரிசனை நம்மிடத்தும் உண்டு. கருவியைக் கற்றுக்கொள்ளுதலே எஞ்சியுள்ளது. அதனை நம் இளைஞர் இவ்வாண்டிலேயே தொடங்குவாராக.